ஒரே ஓம், வேறு வேறு குணம்: வேப் காயிலுக்கு எந்தக் கேஜ் வயர்?

மேஜையில் இரண்டு ஆட்டமைசர்கள், அதாவது ஜூஸ் என்கிற வேப் திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் பாகங்கள், இருக்கின்றன. இரண்டிலும் காந்தல் ஏ1 என்ற சூடேறும் வயரில் நானே சுற்றிய காயில்தான். இரண்டுக்கும் உள்விட்டம் 3 மி.மீ. மின்தடையை அளக்கும் ஓம் மீட்டரும் இரண்டுக்கும் 0.8 என்றே காட்டுகிறது. ஆனால் ஒரே மாடில் (பேட்டரியும் பொத்தானும் இருக்கும் அடிப்பகுதி), ஒரே 17 வாட்டில் பொத்தானை அழுத்தினால் முதலாவது அந்தக் கணமே சீறுகிறது. இரண்டாவது ஒரு விநாடிபோல யோசித்துவிட்டு மெதுவாகப் பொரியத் தொடங்குகிறது, விரலை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் பொரிந்துகொண்டே இருக்கிறது. கேஜ் என்பது வயரின் தடிமனைக் குறிக்கும் எண். முதலாவது 28 கேஜ், மூன்று சுற்றும் கொஞ்சமும். இரண்டாவது 24 கேஜ், ஒன்பது சுற்றுக்கு மேல்.

வயர் வாங்கும்போது நம்மில் பலரும் ஓமை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு கேஜைத் தேர்வு செய்கிறோம். ஓமை எந்தக் கேஜிலும் கொண்டுவந்துவிடலாம், நீளத்தைக் கூட்டிக் குறைத்தால் போதும். கேஜ் முடிவு செய்வது வேறு இரண்டு விஷயங்களை: காயில் எவ்வளவு கனமாக இருக்கும், ஜூஸைத் தொடும் பரப்பு எவ்வளவு இருக்கும். வாயில் வந்து சேரும் வித்தியாசம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

இது சிகரெட்டை விட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்து, சொந்தமாகக் காயில் சுற்றத் தொடங்கியிருக்கும் பெரியவர்களுக்கான கட்டுரை. புகைப்பழக்கமே இல்லாதவருக்கு இதில் எந்தத் தேவையும் இல்லை.

முதலில் எண்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். கேஜ் எண் ஏற ஏற வயர் மெலியும். ஏடபிள்யூஜி என்ற அமெரிக்க வயர் அளவில் 24 கேஜ் 0.51 மி.மீ., 26 கேஜ் 0.40, 28 கேஜ் 0.32, 30 கேஜ் 0.25. மூன்று கேஜ் இறங்கினால் குறுக்குப் பரப்பு இரட்டிப்பாகும், ஆறு கேஜ் இறங்கினால் விட்டமே இரட்டிப்பாகும். காந்தல் ஏ1 வயரில் ஒரு மீட்டருக்கு 24 கேஜ் சுமார் 7 ஓம், 26 கேஜ் 11, 28 கேஜ் 18, 30 கேஜ் 28 ஓம்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. எஸ்டபிள்யூஜி என்று இன்னொரு, பிரிட்டிஷ் அளவுமுறையும் உண்டு, அதன் எண்களும் இதே மாதிரிதான் இருக்கும். ஆனால் எஸ்டபிள்யூஜி 26 என்றால் 0.46 மி.மீ. ஒருமுறை 26 என்று மட்டும் எழுதியிருந்த ஒரு சுருள் வாங்கினேன். வழக்கமான ஆறு சுற்று சுற்றினேன். 0.83 வரவேண்டிய இடத்தில் மீட்டர் 0.66 காட்டியது. திருகு தளர்ந்திருக்கிறதோ என்று இறுக்கிப் பார்த்தேன், கால்கள், அதாவது காயிலின் இரண்டு நுனிகள், எங்காவது அதைப் பொருத்தும் தளமான டெக்கைத் தொடுகின்றனவோ என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கடைசியில் மைக்ரோமீட்டரை எடுத்து வயரையே அளந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அன்றிலிருந்து மி.மீ. போடாத சுருளை வாங்குவதில்லை.

சரி, அந்த 0.8 ஓம் காயில்களுக்கே திரும்புவோம்.

கால்களுக்குப் பத்து மி.மீ. சேர்த்துக் கணக்குப் போட்டால், 0.8 ஓமுக்கு 28 கேஜில் 45 மி.மீ. வயர் போதும். 26 கேஜில் 71 மி.மீ., கிட்டத்தட்ட ஆறு சுற்று. 24 கேஜில் 113 மி.மீ. வயர் தடிக்கும்போது நீளமும் கூட வேண்டியிருக்கிறது, அதனால் எடை தாறுமாறாக ஏறுகிறது. 28 கேஜ் காயில் சுமார் 26 மில்லிகிராம், 26 கேஜ் 65, 24 கேஜ் 165. விட்டம் ஒன்றரை மடங்கைக் கொஞ்சம் தாண்டியதும் எடை ஆறு மடங்கைத் தாண்டிவிட்டது. அத்தனை உலோகத்தையும் சூடாக்கிய பிறகுதான் ஜூஸ் ஆவியாகும். 17 வாட்டில், ஜூஸ் இல்லாத வெறும் வயரை 200 டிகிரி ஏற்ற 28 கேஜ் காயிலுக்கு விநாடியில் ஏழில் ஒரு பங்கு போதும். 24 கேஜுக்கு ஏறக்குறைய முழு விநாடி ஆகும். மேஜையில் காதால் கேட்ட வித்தியாசம் இதுதான்.

அப்படியானால் மெல்லிய வயர்தானே நல்லது என்று தோன்றும். இல்லை. பரப்பையும் பார்க்க வேண்டும். அந்த 28 கேஜ் காயிலின் மேற்பரப்பு 45 சதுர மி.மீ.தான். 17 வாட் முழுவதும் அந்தச் சின்னப் பரப்பு வழியாக வெளியேற வேண்டும், அதாவது சதுர மில்லிமீட்டருக்கு 380 மில்லிவாட். 26 கேஜில் அது 190. 24 கேஜில் 94. முதலாவதில், காயிலுக்குள் செருகியிருக்கும் பஞ்சு ஜூஸ் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் வயரைச் சுற்றி வறண்டுவிடுகிறது, நான்காவது இழுப்பில் தொண்டை கமறுகிறது. மூன்றாவதில் ஆவி வெதுவெதுப்பாக, சோர்ந்து வருகிறது. நடுவில் இருக்கும் 26 கேஜ்தான் அந்த வாட்டுக்குச் சரியாக உட்காருகிறது.

இந்த இடத்தை அவசரமாகக் கடக்காதீர்கள். பஞ்சு நனைந்திருக்கும் வரை ஜூஸின் கொதிநிலையே காயிலுக்குக் கடிவாளம். புரொபிலீன் கிளைகால் 188 டிகிரியில் கொதிக்கும், கிளிசரின் 290 டிகிரியில். பஞ்சு வறண்ட மறுகணம் அந்தக் கடிவாளம் போய்விடும். வெப்பம் எகிறும், பஞ்சு தீயும், கிளிசரின் சிதைந்து அக்ரோலின் போன்ற நச்சுகள் உண்டாகும். தீய்ந்த சுவை வந்தால் "இன்னும் ஒரு இழுப்பு" என்று பார்க்க வேண்டாம், உடனே நிறுத்திப் பஞ்சை மாற்றுங்கள். மெல்லிய வயரில் வாட்டைக் கண்டபடி ஏற்றக் கூடாது என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

"தடித்த வயர் மந்தம்" என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதி உண்மை. சுற்றின் எண்ணிக்கையை, அதாவது நீளத்தை, அப்படியே வைத்துக்கொண்டு கேஜை மட்டும் மாற்றிப் பாருங்கள். மின்னழுத்தம் ஒன்றே என்றால், வயர் எத்தனை மடங்கு கனக்கிறதோ அத்தனை மடங்கு வாட்டும் கூடுதலாக இழுத்துக்கொள்ளும். சூடேறும் வேகம் ஏறத்தாழ மாறாது. 24 கேஜ் இயல்பிலேயே மந்தமான வயர் இல்லை, அதற்குச் சாப்பாடு அதிகம் வேண்டும், அவ்வளவுதான். 17 வாட்டில் ஓடவிட்டால் தூங்கும், 25 வாட் கொடுத்தால் எழுந்துவிடும். ஆகவே தடித்த வயரைத் தேர்வு செய்கிறவர் கூடவே மூன்றையும் தேர்வு செய்கிறார்: அதிக வாட், அதிகக் காற்று, சீக்கிரம் தீரும் பேட்டரி.

எந்த இழுப்புக்கு எந்த வயர்

என் கணக்கில் ஒரு காயில் நிம்மதியாக ஓடுவது சதுர மில்லிமீட்டருக்கு 200 மில்லிவாட்டைச் சுற்றித்தான். கொஞ்சம் சூடாகப் பிடிப்பவர் மேலே போவார், குளுமையாகப் பிடிப்பவர் கீழே வருவார். இதை அளவுகோலாக வைத்துக்கொண்டால் ஒவ்வொரு கேஜும் தன் இடத்தைத் தானே சொல்லிவிடும்.

சிகரெட் பிடிப்பதுபோல முதலில் வாய்க்கு இழுத்து, பிறகு உள்ளே எடுப்பவர்களுக்கு 28 கேஜ். 2.5 மி.மீ. உள்விட்டத்தில் ஆறு சுற்று போட்டால் 1.1 ஓம் வரும், 12, 13 வாட்டில் அழகாக ஓடும். இந்த வகை ஆட்டமைசரில் காற்றுத் துளை ஊசித் துளைபோல இருக்கும். காயில் இரண்டு மி.மீ. அகலம் இருந்தால் அந்தக் காற்று முழுவதும் காயில்மேல் படும். தடித்த வயரில் அகலமான காயில் போட்டால் ஓரத்துச் சுற்றுகளுக்குக் காற்றே போகாது, அவை சும்மா சூடாகி ஆட்டமைசரைத்தான் கொதிக்கவைக்கும். நிகோட்டின் அளவு கூடிய ஜூஸ் ஊற்றுபவர்களுக்கும் இதுவே பொருந்தும், ஏனென்றால் அவர்களுக்குத் தேவை கொஞ்சம் ஆவிதான்.

30 கேஜைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2 மி.மீ. உள்விட்டத்தில் ஐந்து சுற்று 1.3 ஓம், ஏழு வாட்டிலேயே போதும். சின்னச் சாதனத்தில் நாள் முழுவதும் பேட்டரி நிற்க வேண்டும் என்பவருக்கு இது சரிதான். ஆனால் புதிதாகச் சுற்றுபவர்களுக்கு நான் கொடுக்கமாட்டேன். காயிலின் காலைப் பிடிக்கும் போஸ்ட் திருகை இறுக்கும்போது "டிக்" என்று ஒரு சின்னச் சத்தம் வரும், கையில் கால் இல்லாத காயில் இருக்கும். திருகின் விளிம்பு மெல்லிய வயரைக் கத்தரிபோல வெட்டிவிடுகிறது. அப்புறம் பஞ்சைத் திணிக்கும்போது காயில் நசுங்கி வளைவதும் இதில்தான் அதிகம்.

26 கேஜ்தான் நான் யார் கேட்டாலும் முதலில் சொல்வது. ஒற்றைக் காயில் ஆர்டிஏ (ஜூஸைச் சொட்டுச் சொட்டாக விட்டு இழுக்கும் ஆட்டமைசர்), 3 மி.மீ. உள்விட்டம், ஆறு சுற்று, 0.83 ஓம், 18 முதல் 20 வாட். காற்றைப் பாதி மூடி இழுக்கலாம், முழுக்கத் திறந்து வாட்டைக் கொஞ்சம் ஏற்றியும் இழுக்கலாம். தவறைப் பொறுத்துக்கொள்கிற வயர் இது. ஒரு சுற்று கூடினாலும் குறைந்தாலும் ஓம் 0.12 அளவுதான் நகரும். திருகு வெட்டாது, கைக்கு அடங்கும், வடிவம் நிற்கும்.

24 கேஜை இரட்டைக் காயில் டெக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். 3 மி.மீ.யில் ஆறு சுற்றாக இரண்டு காயில் போட்டால் மொத்தம் 0.27 ஓம். 50 வாட்டில் சதுர மில்லிமீட்டருக்கு அதே 200 மில்லிவாட்தான் வருகிறது. நேரே நெஞ்சுக்கு இழுத்து மேகம்போல விடுபவர்களின் வயர் இது. சூடு நின்று நிதானமாக வரும், அடுத்தடுத்த இழுப்பில் இன்னும் நன்றாக இருக்கும். நிகோட்டின் குறைந்த ஜூஸ்தான் இதற்குச் சரி, ஏனென்றால் ஒரு இழுப்பில் உள்ளே போகும் ஆவி மிக அதிகம். ஒற்றைக் காயில் சின்ன டெக்கில் 24 கேஜைத் திணிப்பதை நானும் செய்து பார்த்திருக்கிறேன். ஒன்பது சுற்று ஏறக்குறைய ஐந்து மி.மீ. அகலம் வந்து, இரண்டு பக்கமும் சுவரை உரசும் அளவுக்கு நின்றது. மூடியைப் பொருத்தியதும் காயில் அதைத் தொட்டு ஷார்ட் ஆனது. நல்ல வேளையாக மாடில் பாதுகாப்புச் சர்க்யூட் இருந்ததால் அது திரையில் எச்சரிக்கை காட்டியதோடு நின்றது.

பேட்டரி என்ன சொல்கிறது

அந்தச் சர்க்யூட் இல்லாத மெக்கானிக்கல் மாடில் கேஜ் தேர்வு ருசி சம்பந்தப்பட்டது மட்டுமல்ல. முழுக்கச் சார்ஜ் ஆன லித்தியம் செல் 4.2 வோல்ட். அதை ஓமால் வகுத்தால் ஆம்பியர். 24 கேஜ் இரட்டைக் காயில், 0.27 ஓம் என்றால் 15.6 ஆம்பியர். தொடர்ந்து 20 ஆம்பியர் தரக்கூடிய 18650 அளவுச் செல் இதைத் தாங்கும், கொஞ்சம் மிச்சமும் இருக்கும். அதே ஆறு சுற்றை 22 கேஜில் போட்டால் மொத்தம் 0.17, 0.18 ஓமுக்கு இறங்கி 24 ஆம்பியரைத் தொடும். செல்லின் வரம்பைத் தாண்டியாயிற்று. கண்ணுக்கு இரண்டு வயரும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் தெரியும், வித்தியாசம் 0.13 மி.மீ. மட்டுமே. எனவே மெக்கானிக்கல் மாட் வைத்திருப்பவர் ஒவ்வொரு முறையும் ஓம் மீட்டரில் பார்த்த பிறகே செல்லைப் போட வேண்டும். உறை கிழிந்த செல், எங்கிருந்து வந்தது என்று தெரியாத செல் எதையும் உள்ளே விடக் கூடாது. புதிதாக வருபவர்கள் மெக்கானிக்கல் மாட் பக்கமே போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

வாட்டைச் சர்க்யூட்டே கட்டுப்படுத்தும் ரெகுலேட்டட் மாடில் கணக்கு வேறு. அங்கே செல்லிலிருந்து போகும் மின்னோட்டத்தைத் தீர்மானிப்பது காயிலின் ஓம் இல்லை, நீங்கள் வைக்கும் வாட்தான். ஒற்றைச் செல் மாடில் 50 வாட் வைத்து, செல் 3.2 வோல்ட்டுக்கு இறங்கும்போது, சர்க்யூட்டில் வீணாவதையும் சேர்த்தால் 17 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஆக, தடித்த வயர் கேட்கும் வாட்டை உங்கள் மாடில் இருக்கும் செல்கள் தர முடியுமா என்று முதலில் பாருங்கள். ஒற்றைச் செல் சின்ன மாடுக்கு 26, 28 கேஜ்களே இதமானவை.

வயரின் உலோகம் மாறினால்

இதுவரை சொன்ன ஓம் கணக்கெல்லாம் காந்தல் ஏ1 வயருக்கானது. இரும்பு, குரோமியம், அலுமினியம் சேர்ந்த கலவை அது. ஸ்வீடனில் ஹால்ஸ்டாஹம்மர் என்ற ஊரில் 1931-இல் தொடங்கிய நிறுவனத்தின் பெயரையே வயருக்கும் சொல்கிறோம். நம் மொழியில் காந்தல் என்றாலே சூடும் எரிச்சலும்தான். இப்படி ஒரு பொருத்தம் தற்செயலாக அமைந்திருப்பது எனக்கு எப்போதும் பிடிக்கும்.

நிக்கலும் குரோமியமும் சேர்ந்த நிக்ரோம் 80-க்கு மாறினால் அதே நீளத்தில் ஓம் முக்கால் பங்காகும். ஒரு கேஜ் தடித்த காந்தல் வயர் போட்டதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். இது மென்மையான வயர், சுற்றினால் சுற்றிய இடத்தில் நிற்கும். 24 கேஜ் காந்தல் ஸ்பிரிங்போலத் துள்ளி விரிந்துவிடும், அதைப் பிடித்து அடக்குவதற்குள் கட்டைவிரல் வலிக்கும். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் நிக்ரோமைத் தவிர்த்துவிடுங்கள். எஸ்எஸ்316எல் ஸ்டீலில் ஓம் பாதியாகிவிடும். 28 கேஜ் ஸ்டீல், ஓமில் 25 கேஜ் காந்தல்போல நடந்துகொள்ளும், ஆனால் எடையும் பரப்பும் 28-க்கு உரியவைதான். அதனால் "0.5 ஓம் வந்திருக்கிறதே, 35 வாட் வைக்கலாம்" என்று நினைத்தால் பஞ்சு தீய்ந்துவிடும். ஓமை நம்பி வாட் வைக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஸ்டீலின் இன்னொரு குணம், சூடாகும்போது அதன் ஓம் கொஞ்சம் ஏறும். வெப்பக் கட்டுப்பாடு உள்ள மாடுகள் அந்த ஏற்றத்தை வைத்தே வெப்பத்தைக் கணிக்கின்றன. காந்தலின் ஓம் ஏறக்குறைய அசையாது, ஆகவே அதில் அது நடக்காது. டைட்டானியத்தை எந்தக் கேஜிலும் சிவக்கச் சுடாதீர்கள். அப்படிச் சுட்டால் மேலே ஆக்சைடு வெண்தூளாகப் படியும், அது நுரையீரலுக்குப் போக வேண்டியதில்லை.

கிளாப்டன் வகைக் காயில்களும் இதே கணக்கில்தான் வரும். நடு வயர்மேல் மிக மெல்லிய வயரைச் சுற்றுவதால் பரப்பு கூடுகிறது, இடுக்குகளில் ஜூஸ் தங்குகிறது, எடையும் ஏறுகிறது. ஓமைத் தீர்மானிப்பது பெரும்பாலும் நடு வயர். 28 கேஜ் இரண்டை அருகருகே வைத்து மேலே மெல்லிய வயர் சுற்றினால், ருசிக்கு நன்றாக இருக்கும். ஆனால் நேராகச் சுற்றிய காயிலை நீங்கள் பத்து முறையாவது சுற்றிப் பழகியிருக்க வேண்டும்.

வயரைத் தேர்வு செய்து சுற்றிய பிறகு பஞ்சு வைப்பதற்கு முன் ஒரு பரிசோதனை. வாட்டைக் குறைத்து வைத்து, அறை விளக்கை மங்கலாக்கி, விட்டு விட்டு அழுத்திப் பாருங்கள். நடுச் சுற்றில் மங்கிய சிவப்பு தொடங்கி இரண்டு பக்கமும் சமமாகப் பரவ வேண்டும். ஓரத்தில் ஒரு சுற்று மட்டும் முந்திக்கொண்டு ஆரஞ்சாக மின்னினால், அழுத்தியிருக்கும் பொத்தானை விட்டுவிட்டு, செராமிக் இடுக்கியால் காயிலை லேசாகச் சேர்த்துப் பிடியுங்கள். பிறகு மறுபடி அழுத்திப் பாருங்கள். 28 கேஜில் இரண்டு, மூன்று அழுத்தலில் சீராகிவிடும். 24 கேஜில் சிவப்பு வரவே காத்திருக்க வேண்டும், ஒரு சுற்றை நகர்த்தினால் அது திரும்பி வந்து நிற்கும், எனவே எட்டு, பத்து முறையாவது ஆகும். கால்கள் நீளமாக இருந்தாலும் அங்கே தனியாகச் சிவக்கும். அதைச் சரிசெய்யக் காயிலைப் போஸ்டுக்கு நெருக்கமாக இழுத்து மறுபடி இறுக்குங்கள், ஓமையும் மறுபடி பாருங்கள்.

இப்போது என் பெட்டியில் மூன்று சுருள்கள்தான். 26 கேஜ் காந்தல் பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டது. 28 கேஜ் நிக்ரோம், வாய்க்கு இழுக்கும் சின்ன ஆட்டமைசருக்கு. 24 கேஜ், இரட்டைக் காயில் டெக்கை எடுக்கும் நாட்களுக்கு மட்டும். முதல் சுருள் வாங்கப் போகிறவர் 26-ஐ வாங்கி ஆறு சுற்று போட்டு, 15 வாட்டிலிருந்து ஒவ்வொரு வாட்டாக ஏற்றிப் பாருங்கள். ஆவி சில்லென்றே இருந்து, இன்னும் காற்று வேண்டும் என்று தோன்றினால் அடுத்தது 24. காற்றை மூடி மூடிக்கொண்டே போகிறீர்கள், பேட்டரி மாலைவரை நிற்கவில்லை என்றால் 28.